மரப்பட்டையில் காய்ந்த இலை போல ஒட்டியிருப்பது என்ன? இலைக்கன்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தையிலும் தெகிவளையிலும் கொட்டாஞ்சேனையிலும் இருக்கும் உறவினர், அயலவர், என்னிடம் விஞ்ஞானம் படிக்க வரும் பிள்ளைகள், அவர்களுடைய பெற்றோர் என்று பலரும் சில வருடங்களாக ஏறத்தாழ ஒரே கேள்விகளை என்னிடம் கேட்டு வருகிறார்கள். முதலில் தொலைபேசியில் ஒரு படம் வரும். அதில் ஒரு மாமரத்தின் அடியோ தென்னையின் தண்டோ தெரியும், பட்டையில் சாம்பலும் கபிலமுமாய் ஏதோ படர்ந்திருக்கும், “இதுக்கு என்ன மருந்து அடிக்கிறது?” என்ற வரியும் கூடவே வரும். மருந்து தேவையில்லை என்பதை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக விளக்குவதிலும் பார்க்க, அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி விடைகளை ஓரிடத்தில் வைப்பது நல்லது என்று தோன்றியது.

எங்கட மாமரத்துப் பட்டையில காய்ஞ்ச இலை மாதிரிக் கபில நிறத்தில ஏதோ ஒட்டியிருக்கு. இது என்ன?

கொழும்பில் இப்படித் தோன்றுவது பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கும். ஒன்று, இலை போல் தட்டையாகப் படரும் இலைக்கன். மற்றது, ஈரலுரு எனப்படும் மிகச் சிறிய பச்சைத் தாவரம். மழையில்லாத நாட்களில் அது காய்ந்து கபில நிறத்துக்கு மாறிப் பட்டையோடு ஒட்டிக் கிடக்கும். இரண்டுமே மரத்தின் மேல் குடியிருப்பவை, மரத்தைத் தின்பவை அல்ல. இவற்றைப் பிரித்தறியும் வழியைக் கீழே தண்ணீர்ச் சோதனை பற்றிய விடையில் எழுதியிருக்கிறேன்.

இலைக்கன் எண்டால் பாசியா, பூஞ்சணமா?

இரண்டும் சேர்ந்த ஒரு கூட்டுக் குடித்தனம் அது. உடலின் பெரும்பகுதி பங்கசின், அதாவது பூஞ்சணத்தின், இழைகளால் ஆனது. அந்த இழைகளுக்கு நடுவே, மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே, ஒரு மெல்லிய படையாக அல்காக்கள், அதாவது நுண்ணிய பாசிகள், வாழ்கின்றன. சில இனங்களில் அல்காவுக்குப் பதிலாக, ஒளித்தொகுப்புச் செய்யும் பற்றீரியாக்களான சயனோபற்றீரியா இருக்கும். ஒளித்தொகுப்பின் மூலம் வெல்லம் தயாரிப்பது அல்காவின் வேலை. அதற்கு நிழலும் ஈரமும் பிடிமானமும் தருவது பங்கசின் வேலை. உலகில் ஏறத்தாழ 20,000 இலைக்கன் இனங்கள் உள்ளன.

இது ஒரு தனித் தாவரமல்ல, இரு உயிர்களின் கூட்டு என்பதைச் சுவிஸ் தாவரவியலாளர் சைமன் ஷ்வெண்டனர் 1860களின் இறுதியில் சொன்னபோது, அக்காலத்து இலைக்கன் அறிஞர்கள் பலர் அதைக் கடுமையாக எதிர்த்தார்கள். 2016இல் வெளியான ஓர் ஆய்வு, பல இலைக்கன்களின் வெளித்தோலில் மூன்றாவதாக ஒரு மதுவ வகைப் பங்கசும் வாழ்வதைக் காட்டியது. “இலைக்கன்” என்ற பெயரில் “இலை” இருப்பது தற்செயலானது. லைக்கன் என்ற பிறமொழிச் சொல் தமிழ் உருப்பெற்றபோது அப்படி அமைந்தது. இலையே போலப் படரும் இனங்களுக்கு அது பொருத்தமாகவும் வாய்த்துவிட்டது.

இது மரத்துக்கு வந்த வருத்தமா? மரம் பட்டுப்போகுமா?

வருத்தம் இல்லை, இதனால் மரம் பட்டுப்போகாது. நம்மில் பலருக்குக் குருவிச்சையைத் தெரியும். அது மாங்கொப்பின் உள்ளே வேர் போன்ற உறிஞ்சிகளை இறக்கி, மரத்தின் நீரையும் உப்புக்களையும் எடுத்துக்கொள்ளும் ஒட்டுண்ணி. குருவிச்சையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு மரத்தில் ஒட்டியிருப்பதெல்லாம் உறிஞ்சுவதாகத் தோன்றுவது இயல்புதான். ஆனால் இலைக்கனுக்கு வேர் இல்லை. அதன் அடிப்புறத்தில் இருக்கும் நுண்ணிய நார்கள் பட்டையின் வெளிப்புறத்து இறந்த தக்கைப் படையைப் பற்றிக்கொள்வதோடு நின்றுவிடும். மரத்தின் உணவு ஓடும் உரியம் வரை அவை போவதில்லை. அதற்கு வேண்டிய நீர் மழையிலிருந்தும் பனியிலிருந்தும், கனியுப்புக்கள் காற்றுத் தூசியிலிருந்தும் பட்டையில் வழியும் நீரிலிருந்தும் கிடைக்கின்றன.

அப்படியெண்டால் பட்ட கொப்பிலயும் வயசுபோன மரத்திலயும்தானே கூடுதலாய் இருக்கு?

நல்ல அவதானிப்பு, முடிவுதான் தலைகீழானது. ஒரு கொப்பு பட்டுப்போகும்போது இலைகள் உதிர்ந்து வெளிச்சம் உள்ளே வருகிறது. அல்காவுக்கு வெளிச்சம் வேண்டும் என்பதால் அதுவரை நிழலில் மெல்ல வளர்ந்த இலைக்கன்கள் அங்கே விரைவாகப் படர்கின்றன. வயதான மரத்தில் அதிகம் இருப்பதற்குக் காரணம், அவை படர்வதற்கு அதிக காலம் கிடைத்திருப்பதே.

ஆகவே ஒரு மாமரத்தில் இலைக்கன்கள் திடீரெனக் கூடினால், இலைக்கனை விட்டுவிட்டு மரத்தைப் பாருங்கள். வேரடியில் தண்ணீர் தேங்குகிறதா, மதில் கட்டும்போது வேர் வெட்டுப்பட்டதா, பட்டையில் துளையிட்ட புழுவின் எச்சம் தெரிகிறதா என்று தேடினால், இலைகள் குறைந்ததற்கான உண்மையான காரணம் பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கும்.

கம்பி பிரஷ்ஷால தேய்ச்சு எடுத்துப்போட்டால் மரம் வடிவாய் இருக்கும்தானே? சுண்ணாம்பு அடிச்சால்?

இதைச் செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்வதற்கு எனக்குச் சொந்தக் காரணம் உண்டு. எங்கள் பின்வளவில் அம்மா நட்ட ஒரு கறுத்தக்கொழும்பான் மாமரம் இருக்கிறது. தோட்டத் துப்புரவுக்கு வந்தவர் நல்லெண்ணத்தோடு அதன் அடிமரத்தை இடுப்பளவு உயரத்துக்குக் கம்பித் தூரிகையால் தேய்த்துவிட்டார். நான் வீடு திரும்பியபோது பட்டை ஈரச் சிவப்பாக இருந்தது. இரண்டு மூன்று இடங்களில் பிசின் துளிர்த்து நின்றது. இலைக்கன் தொட்டிராத உயிர்ப்படையைத் தூரிகை தொட்டுவிட்டது. அடுத்த மழைக்காலத்தில் அந்தக் காயங்களில் ஒன்று கறுத்து அழுகத் தொடங்கியது. மரம் பிழைத்தது, ஆனால் அந்தப் பக்கத்துப் பட்டை இன்றும் வெடித்தே கிடக்கிறது.

செப்புச் சேர்ந்த பங்கசு நாசினிகள் இலைக்கனைக் கொல்லும் என்பது உண்மை. செம்பு மண்ணில் தங்கிவிடும். மண்புழுக்களுக்கும் அது நல்லதல்ல. சுண்ணாம்பும் பட்டையின் அமிலத்தன்மையை மாற்றி இலைக்கனை அழிக்கும். வீதியோர மரங்களுக்கு வாகன ஓட்டிகளின் கண்ணில் படுவதற்காக வெள்ளையடிப்பது வேறு விடயம். வீட்டு மரத்துக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை.

இலைக்கனா வேற ஏதாவதா எண்டு வீட்டிலயே எப்பிடிப் பார்க்கிறது?

இரண்டு மூன்று நாள் மழை பெய்யாதிருக்கும்போது, ஒரு சிறிய போத்தலில் தண்ணீரும் பத்து மடங்கு பெருக்கும் கைவில்லை ஒன்றும் எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போங்கள். உலர்ந்த மடல் ஒன்றின் மேல் ஒரு துளி நீரை விட்டு வில்லையால் பாருங்கள். துளி முதலில் உருண்டு நிற்கும். பிறகு உள்ளே இறங்கும். இறங்கிய இடத்தில் சாம்பல் நிறம் மெல்ல விலகி, அடியிலிருந்து பச்சை எழுந்து வரும். உலர்ந்திருக்கையில் ஒளியை மறைத்த வெளித்தோல் நனைந்ததும் கண்ணாடி போலாகி அல்காப் படையைக் காட்டிவிடுகிறது. ஒரு நிமிடத்துக்குள் நடக்கும் இந்த மாற்றத்தைப் பார்த்த பிள்ளைகள் எவரும் அதன்பிறகு இதைச் “சொறி” என்று சொன்னதில்லை. நகநுனியால் மிக இலேசாகக் கீறினால் மேலே பச்சையும் அதற்குக் கீழே பஞ்சு போன்ற வெண்மையும் தெரியும். ஒரு முறைக்கு மேல் கீற வேண்டாம்.

ஈரலுரு என்றால் நனைந்ததும் அது நிமிர்ந்து விரியும். வில்லையில் பார்த்தால் நூல் போன்ற தண்டின் இருபுறமும் கண்ணுக்கெட்டாத சிற்றிலைகள் ஓடு வேய்ந்தது போல அடுக்கியிருக்கும். இலைக்கனில் அப்படித் தண்டும் இலையும் கிடையாது. மாவிலையிலும் கொப்பிலும் கரி பூசியது போல் கறுப்பாகப் படிந்து, ஈரத்துணியால் துடைத்தால் வந்துவிடுவது கரும்பூஞ்சணம்; அது தத்துப்பூச்சியும் செதிற்பூச்சியும் சிந்தும் இனிப்புக் கசிவில் வளர்வது, அங்கே கவனிக்க வேண்டியது பூச்சியைத்தான். மதிலிலும் தென்னந்தண்டிலும் செம்மஞ்சள் வெல்வெட் போலப் படர்வது திரெண்டெபோலியா என்ற அல்கா. பெயருக்கு அல்காவாக இருந்தும் பச்சையாகத் தெரியாததால் பலரும் அதைத் துரு என்றே நினைக்கிறார்கள்.

எங்கட வளவு மரத்தில இருக்கிறதுக்குப் பெயர் என்ன?

கொழும்பின் திறந்த, வெயில்படும் அடிமரங்களில் இலை வடிவ இலைக்கன்களுள் அடிக்கடி காணக்கூடியவை இரண்டு கூட்டங்கள். ஒன்று பிக்சினே. அதில் பிக்சினே கொக்கோயிஸ் என்ற இனம் வெப்ப நாடுகள் எங்கும் பரந்திருப்பது; 1788இல் அதை முதலில் விபரித்த சுவீடன் தாவரவியலாளர் ஓலொப் சுவார்ட்ஸ் தென்னையை நினைத்தே அந்தப் பெயரை வைத்தார். ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் அகலமே உள்ள வெளிர்சாம்பல் மடல்கள் நடுவிலிருந்து நாற்புறமும் கதிர் போல ஓடும், அடிப்புறம் கறுப்பு. மற்றையது டிரினேரியா. அதற்கு அடியில் பிடிநார்களே இல்லை. பசை தடவி ஒட்டிய கடதாசி போல முழுதாகப் பட்டையோடு படிந்திருக்கும், நடுவில் மாப்பொடி குவித்தாற் போன்ற புள்ளிகள் காணப்படும்.

இரண்டையும் வேறாக்க ஓர் எளிய வழி உண்டு. கள்ளநோட்டுப் பார்க்கும் கழியூதா டோர்ச் ஒன்றை இருட்டிய பிறகு பட்டையில் பிடித்துப் பாருங்கள். பிக்சினே கொக்கோயிஸின் மேற்தோலில் உள்ள லைக்சாந்தோன் என்ற பதார்த்தம் பளீரென்று மஞ்சளாக ஒளிரும். டிரினேரியா மங்கியே கிடக்கும். என் அக்கா மகள் முதன்முதலில் இதைப் பார்த்த இரவில், ஒழுங்கையில் நின்ற எல்லா மரங்களுக்கும் டோர்ச் பிடித்துவிட்டுத்தான் உறங்கப் போனாள்.

கமுகின் வழவழப்பான தண்டில் வெள்ளை வெள்ளையாகத் திட்டுக்கள் இருப்பதையும் கேட்கிறார்கள். அவையும் இலைக்கன்களே, ஆனால் இலை போல் எழாமல் சாயம் பூசியது போலப் பட்டையோடு ஒன்றியவை. அவற்றுள் கிராபிஸ் என்ற பேரினத்தில், வெள்ளைத் தளத்தின் மேல் யாரோ மையால் கிறுக்கியது போலக் கறுப்புக் கோடுகள் ஓடும். வித்திகள் உருவாகும் வாய்கள் அவை.

அப்ப, உண்மையிலேயே கபில நிறமான இலைக்கன் எங்க இருக்கு?

பட்டையில் இலை போல் வளர்ந்து, உயிரோடிருக்கும்போதே கபிலமாயிருக்கும் இனங்களுள் பெயர்பெற்றது மெலனோஹாலியா ஒலிவேசியா. இது கொழும்பில் இல்லை. வடதுருவத்தை அண்டிய குளிர்நாடுகளில் பேர்ச் மரங்களில் வாழ்வது. 1753இல் லின்னேயஸ் இதற்குப் பெயரிட்டார். மேற்தோலில் உள்ள மெலனின் வகை நிறப்பொருளே கபிலத்துக்குக் காரணம். கடும் வெளிச்சத்திலிருந்து அல்காவைக் காக்கும் திரை அது. நனைந்தால் ஒலிவப் பச்சைக்கு மாறும். ஸ்கண்டினேவியாவின் வடபகுதியில் இதற்கு வியக்கத்தக்க ஒரு பயன் உண்டு. நீண்டநாள் பனிக்குள் புதையுண்டு கிடப்பதை இது தாங்காது என்பதால், குளிர்கால வெண்பனி வழமையாக எவ்வளவு உயரம் வரை மூடுகிறதோ அந்த மட்டத்துக்கு மேலேதான் அடிமரத்தில் வளரும். கோடையில் அங்கே போகும் ஒருவர், மரத்தில் கபிலம் தொடங்கும் கோட்டைப் பார்த்தே பனியின் ஆழத்தைச் சொல்லிவிடலாம்.

இந்தப் பேரினம் 2004இல்தான் தனியாகப் பிரிக்கப்பட்டது. அதன் பெயரில் இருக்கும் “ஹாலி”, அமெரிக்க இலைக்கன் அறிஞர் மேசன் ஹேல் என்பவரைக் குறிக்கிறது. அவர் இலங்கையின் காடுகளில் வளரும் ஓர் இலைக்கன் குடும்பத்தை ஆராய்ந்து 1981இல் விரிவான ஆய்வொன்றை வெளியிட்டவர். பனிநாட்டு இலைக்கனின் பெயருக்குள் நம் காடுகளை ஆராய்ந்தவர் இருப்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

நம் நாட்டில் கபில நிற இலைக்கன் பார்க்க விரும்புவோர் மலைநாட்டு முகிற்காடுகளுக்குப் போக வேண்டும். ஹோர்ட்டன் சமவெளி போன்ற இடங்களில் பாசி மூடிய மரங்களில் ஸ்டிக்டா என்ற பேரினம் கையளவு அகலக் கபில மடல்களாகத் தொங்கும். மடலின் அடிப்புறத்தில் ஊசியால் குத்தியது போல வெளிறிய சிறு குழிகள் இருப்பது அதன் அடையாளம். அவற்றுள் பலவற்றில் சயனோபற்றீரியா வாழ்வதால், காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்துக் காட்டுக்குக் கொடுக்கின்றன. தேசிய பூங்காவில் எதையும் பறிப்பது சட்டவிரோதம். கண்ணாலும் கமராவாலும் பார்த்தால் போதும்.

மரத்தில ஒரு பக்கத்தில மட்டும் ஏன் வருது? வடக்குப் பக்கம் எண்டு படிச்சனான்.

வடக்குப் பக்கம் என்பது வெயில் எப்போதும் தெற்கிலிருந்து வரும் வடநாடுகளின் கணக்கு. கொழும்பு மத்தியகோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ ஏழு பாகையில் இருக்கிறது. வருடத்தில் சில மாதம் சூரியன் வடக்கிலும் மீதி மாதங்கள் தெற்கிலுமாக நகர்வதால் அந்தக் கணக்கு இங்கே பொருந்தாது. மரம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, மழைநீர் எந்த வழியாக வழிகிறது, பக்கத்து மாடிக் கட்டடம் எந்தப் பக்கத்து வெயிலை மறைக்கிறது என்பவையே இங்கே தீர்மானிக்கின்றன.

இதுக்குள்ள டெங்கு நுளம்பு முட்டை போடுமா? பிள்ளைகள் தொட்டால் சொறியுமா?

நுளம்புக் குடம்பிக்குத் தேங்கி நிற்கும் நீர் வேண்டும். இலைக்கன் நீரைத் தன் உடலுக்குள் உறிஞ்சிக்கொள்ளும், தேக்கி வைக்காது. மரப்பொந்து, வெட்டிய மூங்கில், பூச்சாடித் தட்டு ஆகியவற்றைத் தேடுங்கள்.

தொடுவதால் பெரும்பாலானோருக்கு ஒன்றும் ஆகாது. வருடக்கணக்காக இலைக்கன் மூடிய மரங்களை வெட்டும் தொழிலாளர் சிலருக்கு, அவற்றிலுள்ள அமிலங்களால் தோல் ஒவ்வாமை வருவதுண்டு. பிள்ளை ஒரு தடவை விரலால் தொட்டுப் பார்ப்பதை அதோடு ஒப்பிடத் தேவையில்லை.

செட்டிநாட்டுச் சமையலுக்குப் போடுற கல்பாசி இதுதானே? நம்ம மரத்துல இருந்தே எடுக்கலாமா?

கல்பாசியும் இலைக்கன்தான். மேலே சாம்பலும் அடியில் கறுப்புமாக, சுருண்ட மடல்களாகக் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் பார்மோட்ரேமா என்ற பேரினத்தைச் சேர்ந்தது. எண்ணெயில் பொரியும்போதுதான் அதன் மணம் வெளியே வரும்.

ஆனால் வீட்டு மரத்திலிருந்து எடுக்க வேண்டாம். முதற்காரணம், பார்வைக்கு ஒத்திருக்கும் எல்லாம் உண்ணத்தக்கவை அல்ல; ஐரோப்பாவில் ஒரு காலத்தில் ஓநாய்களைக் கொல்லும் நஞ்சாகவே ஒரு மஞ்சள் இலைக்கன் பயன்பட்டது. இரண்டாவது காரணம் நகரத்துக்கே உரியது. வேரும் மெழுகுத்தோலும் இல்லாத இலைக்கன், காற்றில் வரும் ஈயம் போன்ற பார உலோகங்களையும் உறிஞ்சித் தன் உடலில் சேர்த்து வைக்கிறது. 1986இல் செர்னோபில் அணு உலை வெடித்தபின், காற்றோடு போன சீசியத்தை ஸ்கண்டினேவிய இலைக்கன்கள் பிடித்துக்கொண்டன. அவற்றைத் தின்ற துருவ மான்களின் இறைச்சியைப் பெருமளவில் அழிக்க நேர்ந்தது. காலி வீதியோரத்து மரத்தின் இலைக்கனை உணவில் சேர்க்க நான் ஒருபோதும் சம்மதிக்க மாட்டேன்.

சேர், பாசிச்சாயத்தாள் எண்டு சொல்றதில வாற “பாசி” எது?

அந்தப் பாசி இலைக்கன்தான். கடற்கரைப் பாறைகளிலும் மரங்களிலும் வளரும் ரொக்செல்லா போன்ற இலைக்கன்களை அமோனியாவோடு புளிக்கவைத்து எடுத்த சாயமே நம் பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் அமிலத்தில் சிவப்பாகவும் காரத்தில் நீலமாகவும் மாறுகிறது. தமிழில் பெயர் வைத்தவர்கள் அதன் மூலத்தைப் பெயரிலேயே விட்டுச்சென்றார்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்வது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி.

இந்த அளவுக்கு வளர எவ்வளவு காலம் எடுத்திருக்கும்?

இலை வடிவ இனங்கள் பொதுவாக ஆரை வழியே வருடத்துக்குச் சில மில்லிமீற்றர் அளவிலேயே வளர்கின்றன. வருடத்துக்கு இரண்டு முதல் நான்கு மில்லிமீற்றர் என்று கொண்டால், பத்துச் சென்ரிமீற்றர் குறுக்களவுள்ள ஒரு வட்டத்துக்குப் பன்னிரண்டு முதல் இருபத்தைந்து வருடங்கள் ஆகியிருக்கும். ஈரமும் வெப்பமும் மிகுந்த இடங்களில் சில இனங்கள் இதைவிட வேகமாகவும் வளரும்.

உங்கள் மரத்துக்குரிய கணக்கை நீங்களே எடுக்கலாம். ஒளிபுகும் பிளாஸ்டிக் தாளை இலைக்கனின் மேல் வைத்து விளிம்பை மைப்பேனையால் வரைந்து திகதியிட்டு வையுங்கள். அடுத்த வருடம் அதே திகதியில் அதே தாளை வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். என் பிக்சினே ஒன்றுக்கு இப்படி நான்கு வருடக் கோடுகள் இருக்கின்றன.

இலைக்கன் இருந்தால் காற்றுச் சுத்தம் எண்டு சொல்றாங்களே, அப்ப எங்கட ஒழுங்கையில காற்று நல்லதா?

பாதி உண்மையான இந்தக் கூற்று முழு உண்மையாகப் பரவியிருப்பதால் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 1866இல் வில்லியம் நைலாண்டர் என்ற பின்லாந்து அறிஞர், பாரிஸ் நகரில் வேறிடங்களில் இல்லாத இலைக்கன்கள் லக்சம்பேர்க் பூங்காவின் மரங்களில் இருப்பதைக் கண்டு, நகரக் காற்றோடு அதைத் தொடர்புபடுத்தினார். 1970இல் டேவிட் ஹோக்ஸ்வர்த், பிரான்சிஸ் ரோஸ் என்ற இருவர், எந்த இனங்கள் இருக்கின்றன என்பதைக் கொண்டே இங்கிலாந்திலும் வேல்சிலும் கந்தகவீரொட்சைட்டின் அளவை மதிப்பிடும் பத்துப் படி அளவுகோலை வெளியிட்டார்கள். இலைக்கன்கள் காற்றின் தரத்தைக் காட்டும் என்பதற்கு அடிப்படை இதுதான்.

இதில் முக்கியமான சொல் “எந்த இனங்கள்” என்பது. புகைக்கு மிக மென்மையான இனங்களும் உண்டு. புகையைப் பொறுத்துக்கொள்ளும் இனங்களும் உண்டு. மேலே பெயர் சொன்ன பிக்சினே கொக்கோயிஸ் இரண்டாவது வகை. இந்திய நகரங்களின் வாகன நெரிசல் மிக்க வீதியோரங்களிலும் அது வாழ்கிறது. ஆகவே உங்கள் ஒழுங்கை மரத்தில் அது மட்டும் செழித்திருந்தால், காற்று நல்லது என்று பொருள் கொள்ள முடியாது. பல வகை இனங்கள் கலந்திருப்பதே நல்ல அறிகுறி.

எதிர்ப்புறமாகவும் தவறக்கூடாது. நுவரெலியாவில் மரங்களில் தாடி போலத் தொங்கும் உஸ்னியா கொழும்பில் இல்லாததைக் காட்டி, “பாருங்கள், இங்கே காற்று நஞ்சு” என்று சிலர் சொல்கிறார்கள். குளிரும் முகிலும் இருக்கும் உயரத்தில் வாழ்வதைக் கடல்மட்டத்து வெப்பத்தில் தேடுவது பொருத்தமில்லை. கொழும்பை மலைநாட்டோடு ஒப்பிடாமல் கொழும்போடே ஒப்பிட வேண்டும். காலி வீதியோரத்து மகோகனியையும் விகாரமகாதேவி பூங்காவின் உட்புறத்தில் நிற்கும் மகோகனியையும் பார்த்தால் அந்த ஒப்பீட்டுக்கு அர்த்தம் உண்டு.

மகளுக்குப் பள்ளிக்கூடத்தில செயற்றிட்டம். இலைக்கனை வைச்சுச் செய்யலாமா?

தாராளமாகச் செய்யலாம், ஒன்றையும் பிடுங்காமலே செய்யலாம். பத்துச் சென்ரிமீற்றர் பக்கமுள்ள ஐந்து சதுரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக நூலால் கட்டி ஓர் ஏணி போலச் செய்யுங்கள். நிலத்திலிருந்து ஒரு மீற்றர் உயரத்தில் தொடங்கி அடிமரத்தின் நான்கு பக்கங்களிலும் அதைப் பிடித்து, எத்தனை சதுரங்களில் எந்த வகை இலைக்கன் இருக்கிறது என்று குறியுங்கள். பெயர் தெரியாவிட்டால் “சாம்பல் ஒடுங்கிய மடல்”, “வெள்ளைத் திட்டுக் கறுப்புக் கோடு” என்று எழுதினாலும் போதும்.

வீதியோரத்தில் ஐந்து மரம், பூங்காவில் ஐந்து மரம் என்று எடுக்கும்போது, முந்திய விடையில் சொன்னது போல மரத்தின் இனமும் பருமனும் வெளிச்சமும் ஒத்திருக்க வேண்டும். கமுகை மாமரத்தோடு ஒப்பிட்டால் பட்டையின் வித்தியாசத்தைத்தான் அளப்பீர்கள். முன்மாதிரிக்குக் குறைவில்லை. பேராதனைப் பூங்காவின் பணிப்பாளராயிருந்த ஜோர்ஜ் துவெயிட்ஸ் 19ஆம் நூற்றாண்டில் இந்நாட்டு இலைக்கன்களைச் சேகரித்தார். நம் காலத்தில் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் இலைக்கன் சேகரிப்பில் பணியாற்றியிருக்கும் கோதமி வீரகோன் ஓர் இலங்கையர். இதை மகளுக்குச் சொல்லுங்கள்.

போன வருசம் சாம்பலாய் இருந்தது இப்ப கபிலமாய் மாறிப்போச்சு. இது வேற இனமா?

இனம் மாறவில்லை, அந்த இலைக்கன் இறந்துகொண்டிருக்கலாம். உள்ளே உள்ள அல்கா முதலில் சாகும். பச்சை போனதும் மடல் மங்கிய கபிலமாகவோ இளஞ்சிவப்பாகவோ வெளிறும். பிறகு விளிம்பு உயர்ந்து உதிரும். மேலே சொன்ன தண்ணீர்ச் சோதனையைச் செய்யுங்கள். உயிருள்ளதில் பச்சை எழும். இறந்ததில் ஈரமான கபிலம் மட்டுமே மிஞ்சும்.

பச்சை எழாவிட்டால் கடந்த சில மாதங்களை நினைத்துப் பாருங்கள். மதிலுக்குப் பெயின்ற் அடித்தார்களா, களைநாசினி தெளித்தார்களா, பக்கத்தில் குப்பை எரித்தார்களா, நிழல் தந்த மரத்தை வெட்டியதால் வெயில் நேரடியாக விழுகிறதா? ஒரு பக்கம் மட்டும் கபிலமாகி மறுபக்கம் நலமாயிருந்தால், காரணம் கபிலமான பக்கத்திலிருந்து வந்திருக்கும். நடுப்பகுதி மட்டும் உதிர்ந்து விளிம்பு நலமாயிருந்தால் கவலை வேண்டாம். வயதான இலைக்கன்கள் அப்படி வளையம் போலாகி வெளிநோக்கி வளர்வது வழக்கம்.

மரத்தை வெட்டப் போறாங்கள். அதில இருக்கிற இலைக்கனை வேற மரத்துக்கு மாத்த ஏலுமா?

ஏலும், ஆய்வாளர்களும் இப்படி இடம்மாற்றி வளர்ப்பதுண்டு. இலைக்கனைப் பட்டையிலிருந்து உரிக்காமல், அது இருக்கும் சிறு கொப்பையோ பட்டைத் துண்டையோ அப்படியே எடுக்க வேண்டும். அதே வகை மரமாக, அதே அளவு வெளிச்சமும் மழையும் படும் பக்கமாகப் பார்த்துத் தும்புக் கயிற்றால் இறுக்காமல் கட்டுங்கள். இரண்டு பட்டைகளும் ஒன்றையொன்று தொட்டிருக்க வேண்டும். பசை, ஆணி, பிளாஸ்டிக் நாடா எதுவும் வேண்டாம். மே மாத மழை தொடங்கும் காலம் இதற்கு உகந்தது. எல்லாம் பிழைக்காது. ஆனால் மடலிலிருந்து உதிரும் மாப்பொடி போன்ற துகள் ஒவ்வொன்றிலும் பங்கசு இழையும் அல்காவும் சேர்ந்தே இருப்பதால், தாய்மடல் காய்ந்துபோனாலும் துகளொன்று புதுப்பட்டையின் வெடிப்பில் தங்கிவிடக்கூடும். எங்கள் ஒழுங்கையில் வெட்டிய பலாவின் ஒரு கொப்பை நானும் இப்படிக் கட்டினேன். கொப்பு உக்கி விழுந்துவிட்டது. இரண்டு வருடம் கழித்து, கயிறு இருந்த தடத்துக்குச் சற்றுக் கீழே, மிளகளவில் ஒரு சாம்பல் வட்டம் தெரிந்தது. துளி நீர் விட்டேன், பச்சையானது.